பூஜையன்று நிற்காத மெஷின்

மல்லாபூரில் நான் வேலை பார்த்த வார்ப்புப் பட்டறையில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் சத்தமே இருக்காது. அது ஆயுத பூஜை. உலையை முதல் நாளே அணைத்து ஆறவிட்டுவிடுவார்கள். கிரைண்டர், பிரஸ், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்பானர், சுத்தியல், எங்கள் மெழுகு அறையின் கத்திகள் எல்லாம் அம்மன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வந்து படுத்துவிடும். தீபாராதனை ஆனபிறகு மறுநாள் நல்ல நேரம் வரும்வரை யாரும் ஒன்றையும் தொடக்கூடாது. முதலாளி இதில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு வருஷம் பூஜை முடிந்த கையோடு கணக்குப் பார்க்கிறவர் கால்குலேட்டரைத் தட்டினதற்கே, "அதுவும் ஆயுதந்தான் சார், கீழ வைங்க" என்று கோபித்துக்கொண்டார்.

இந்த ஊரில் தெலுங்குக்காரர்கள் பலபேர் தசமியன்றுதான் பூஜை போடுவார்கள். முதலாளி தமிழர் என்பதால் எங்கள் பட்டறையில் நவமியன்றே. முதலாளி முன்பு பெரிய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தார். பூஜை சாமான் வாங்குவது, படத்துக்குப் பூ சாத்துவது, பொரி கடலை பங்கு வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அதற்காக யாரும் என்னை நியமிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள், பூவில்லாமல் வேலைக்கு வராதவள் என்று தானாக என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். ஜோலார்பேட்டைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்பெட்டி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எனக்கு வீட்டில் பொழுது போகவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி கூட்டிக்கொண்டு போய் இந்த மெழுகு அறையில் சேர்த்துவிட்டாள். மெழுகு அறை என்றால் பலருக்குத் தெரியாது. இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு சாமான் வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே மாதிரி மெழுகில் செய்ய வேண்டும். அதன்மேல் மாவுக் குழம்பும் மணலும் மாற்றி மாற்றிப் பூசி ஓடு கட்டுவார்கள். ஓடு காய்ந்ததும் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்தப் பள்ளத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டியதுதான். மெழுகு சாமான்களை அச்சில் அடித்து எடுப்பதும், சூட்டுக் கத்தியால் ஒன்றோடொன்று ஒட்டுவதும் எங்கள் வேலை. அங்கே நாங்கள் எல்லோரும் பெண்கள்.

அந்த அச்சு செய்வதுதான் கஷ்டம். புதுச் சாமான் ஒன்று வந்தால் பாலாநகரில் அச்சு வெட்டக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு, "இந்த வளைவைக் கொஞ்சம் மாற்றிவிட்டோம்" என்று ஆர்டர் கொடுத்தவர்கள் சொன்னால் அச்சு வீண். திரும்பவும் முதலில் இருந்து.

ஊரெல்லாம் சாஃப்ட்வேர் பேச்சாக இருந்த காலம் அது. ஹைடெக் சிட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் காலையில் நிற்க இடம் இருக்காது. அந்த நாளில்தான் முதலாளி ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். விலைக்கு வாங்கவில்லை. "கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா வெச்சுக்குங்க" என்று ஏஜென்ட் கொடுத்தது. வெள்ளை வெளேரென்று, ஆள் உயரத்துக்கு இருந்தது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு ஏசி வைத்தார்கள். கரண்ட் போனால் நிற்கக்கூடாது என்று யூபிஎஸ்ஸும் பேட்டரிகளும் வந்தன.

உலை பார்க்கிற பாய் எங்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "கைக்கு மேடம், எதுக்கு ஃபிரிட்ஜ்ல மெழுகு வெக்கிறாங்க? கெட்டுப் போய்டுமா?" என்றார். அன்றிலிருந்து அதன் பேர் ஃபிரிட்ஜ்.

அதை ஓட்ட ஒரு பெண் வந்தாள். தார்நாகாவில் அம்மாவோடு இருந்தாள். இன்ஜினீயரிங் முடித்த கையோடு முதல் வேலை. தெலுங்குப் பெண். என்னை ஆன்ட்டி என்பாள். நாங்கள் பேசிக்கொண்டது தெலுங்கில்தான். எழுதும்போது எனக்குத் தமிழில்தான் வருகிறது. கூடப் படித்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேர்ந்து, வாசலுக்கு வரும் காரில் ஏறிப் போகும்போது இவள் மட்டும் ஷேர் ஆட்டோவில் மல்லாபூர் வந்து மணல் தூசியில் இறங்குவாள். அவள் அம்மாவுக்கு அதுதான் ஆற்றாமை.

"தீபாவளி வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க ஆன்ட்டி, எங்கம்மா. அதுக்குள்ள சார் இந்த மெஷினை வாங்கி என்னை நிரந்தரம் பண்ணலேன்னா அமீர்பேட்டையில ஜாவா கோர்ஸ். பணம் கட்ட எல்லாம் பேசி வெச்சாச்சு."

"படிச்சா என்னம்மா? நல்ல சம்பளந்தானே?"

"எனக்கு கையில தொட்டுப் பாக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும் ஆன்ட்டி. அதுக்குத்தான் மெக்கானிக்கல் எடுத்தேன்."

அந்த மெஷினில் அச்சு எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைப் பார்த்து, மெல்லிய ஊசிவாய்களால் மெழுகைத் துளித்துளியாக விட்டு, ஒரு படலம், அதன்மேல் இன்னொரு படலம் என்று தானாகவே சாமானைக் கட்டும். நான் முதல்நாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். எனக்குப் புற்றுதான் ஞாபகம் வந்தது. கரையான் ஈரமண்ணை ஒவ்வொரு பொட்டாக வைத்துத்தானே அவ்வளவு பெரிய புற்றை எழுப்புகிறது? எங்கள் குலதெய்வம் ரேணுகாம்பாள். புற்றில்தான் குடியிருக்கிறாள். இந்த ஊரில் எல்லம்மா என்பார்கள், தாய் ஒருத்திதான். எனக்கு அந்த மெஷின்மேல் பயம் போய்விட்டது.

மெழுகு அறையில் மற்றவர்களுக்குப் போகவில்லை. "இது தானே செஞ்சிடும்னா நம்மள எதுக்கு வெச்சுக்குவாரு?" என்று கேட்டார்கள். நான் அந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து விளக்கினாள். "ஒண்ணு, ரெண்டு வேணும்னா இதுல செய்யலாம் ஆன்ட்டி. நூறு வேணும்னா அச்சுதான், நீங்கதான். இது வந்தா, ஒண்ணே ஒண்ணு வேணும்னு கேக்கிறவங்க ஆர்டரும் நம்மகிட்ட வரும். இத்தனை நாள் அவங்க வெளிநாட்டுக்குத்தான் போய்ட்டிருந்தாங்க. கோயம்புத்தூர், ராஜ்கோட், பெல்காம்னு நாடு பூரா வார்ப்புக்காரங்க இதைத்தான் பேசிட்டிருக்காங்க."

அப்படி வந்த முதல் ஆர்டர்தான் அந்தச் சக்கரம். ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. எதற்கென்று சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கமாட்டோம். காற்றைத் தள்ளுகிற சக்கரம் என்று மட்டும் தெரியும். நடுவில் குமிழ், சுற்றிலும் வளைந்து ஏறும் மெல்லிய இதழ்கள். தாமரை என்று நாங்கள் பேர் வைத்தோம். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் இதழின் வளைவை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அச்சு வெட்டியிருந்தால் மாற்றி மாற்றி வெட்டியே முதலாளி ஓய்ந்திருப்பார். தீபாவளிக்கு முன்னால் வார்ப்பு அவர்கள் கைக்குப் போய், சோதனையில் தேறினால் மெஷினை வாங்குவது. இல்லாவிட்டால் ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்புவது. இதை முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

முதலில் கட்டிய தாமரை, தாங்கலுக்கு நிற்கிற மெழுகுக் குச்சிகளை நீக்கும்போது இரண்டு இதழ் உடைந்து வீணாகிவிட்டது. அந்த மெஷினுக்கான மெழுகு வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வரும். அடுத்த டப்பா வர இன்னும் நாளாகும். கையில் இருந்தது கடைசி டப்பா. அதற்குள் இதழின் வளைவில் கடைசி மாற்றம் வந்து சேர, அஷ்டமியன்று மத்தியானம்தான் அவள் இரண்டாவது தாமரையை மெஷினில் ஏற்றினாள். மெதுவாகக் கட்டுகிற மெஷின். முழுக்க ஏறி முடிய நவமி தாண்டி தசமி விடிந்துவிடும்.

நவமியன்று மத்தியானம் முதலாளி பட்டறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கண்ணாடி அறைக்கு முன்னால் நின்றார். உள்ளே விர், விர் என்று சத்தம்.

"இது எப்ப நிக்கும்மா?"

"காலையில சார்."

"காலையிலயா? சாயங்காலம் பூஜை. அதுக்கு முன்னாடி நிறுத்திடணும்."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்தினா அவ்வளவுதான் சார். விட்ட எடத்துல திரும்ப ஆரம்பிக்காது. இன்னொண்ணு கட்ட மெழுகும் இல்ல."

"அம்மா, இருபது வருஷமா இந்தப் பழக்கம். ஒரு வருஷம் உலையை அணைக்காம விட்டோம். அந்த வருஷம் முழுக்க வார்ப்பெல்லாம் பொத்தல் பொத்தலா வந்தது. நான் மறக்க மாட்டேன்."

பாய் மெல்ல, "அப்ப மணல்ல ஈரம் சார்" என்றார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். பாய் மேலே பார்த்துக்கொண்டார்.

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பூஜை உங்க கையில. என்ன செய்யலாம்?"

நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் கண்ணை மட்டும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். சாஸ்திரம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"சார், எங்க குவார்ட்டர்ஸ்ல எல்லா வருஷமும் பாக்கிறேன். ஆயுத பூஜைன்னா இன்ஜினுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சு, கற்பூரம் காட்டுவாங்க. அப்புறம் அது மாலையோட வண்டிய இழுத்துக்கிட்டுப் போய்டும். அன்னிக்குன்னு ரயிலு நிக்கிறதில்ல. ஏறினவங்களைக் கொண்டுபோய்ச் சேக்கணும் இல்லையா? இதுவும் பாதி வழியில இருக்கு. மாலை போட்டு ஓட விடலாம். அம்மா கோச்சுக்க மாட்டா."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி. உங்க வார்த்தைக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனசு ஒப்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். வருஷா வருஷம் எங்கள் பட்டறைப் பூஜைக்கு அவர்தான் அலங்காரம். குவார்ட்டர்ஸ் பிள்ளையார் பந்தலுக்கு என்று வாங்கி வைத்திருக்கும் சீரியல் பல்பு, இரண்டு பெரிய ஃபோகஸ் லைட், பாட்டுப் போடுகிற செட், எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவார். அம்மன் படத்தைச் சுற்றி மாலையாகப் பல்பு போட்டு, முகத்தில் ஃபோகஸ் விழுகிற மாதிரி வைத்துவிட்டு எட்ட நின்று பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

மெஷினின் கதவில் சந்தனம் வைக்க நான் போனபோது அந்தப் பெண், "கண்ணாடி மேல வேண்டாம் ஆன்ட்டி, உள்ள பாக்கணும். ஓரமா வைங்க" என்றாள். ஓரமாக வைத்தேன். சின்ன மாலை ஒன்றை மேலே சாத்தினேன். அதுபாட்டுக்கு விர், விர் என்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தாமரை பாதிக்குமேல் எழும்பியிருந்தது.

எல்லோரும் கூடி, முதலாளி கற்பூரத் தட்டைக் கையில் எடுத்த நேரம். கரண்ட் போய்விட்டது.

அந்த நாளில் மல்லாபூரில் கரண்ட் போவது புதிதில்லை. மெஷின் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் இருட்டு. அம்மன் முகம் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. தீபாராதனை நேரத்தில் தாய் முகம் இருட்டில் இருக்கலாமா? டார்ச் அடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனார். கண்ணாடி அறைக்கு வெளியே சுவரில் சிவப்பாக ஒரு பிளக் போர்டு. டெஸ்டர் வைத்துப் பார்த்தார், அதில் கரண்ட் இருந்தது. எந்தப் போர்டுக்கும் இல்லாத கரண்ட் அதற்கு மட்டும் ஏன் இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. "இருங்க, இருங்க, ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டே எல்லா ஒயரையும் ஒன்றாகக் கொண்டுவந்து சொருகினார்.

பல்பு மாலை எரிந்தது. இரண்டு ஃபோகஸும் ஜெகஜோதியாக அம்மன் முகத்தில் விழுந்தது. பாட்டு கிளம்பியது. எல்லோரும் "அம்மா!" என்று கையெடுத்தோம். முதலாளி தட்டைச் சுற்ற ஆரம்பித்தார். தட்டு ஒரு சுற்று முடியவில்லை, மூலையில் யூபிஎஸ்ஸிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். டக். எல்லாம் அணைந்துவிட்டது. கற்பூரம் மட்டும் எரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விர், விர் சத்தம் இல்லை.

அந்தப் பெண் ஓடினாள். கண்ணாடிக் கதவைத் திறந்து செல்ஃபோன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். வெகுநேரம் குனிந்தபடியே நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. "ஆகிப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். "இன்னா ஆச்சு? நான் லைட்டுதானே போட்டேன்?" என்றார். பாய்தான் போய் அவர் தோளில் கை வைத்து, "போலோ நக்கோ பையா, இப்ப ஒண்ணும் பேசாதே. அப்புறம் பேசலாம்" என்றார்.

முதலாளி ஆரத்தியை முடித்தார். எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். என் முறை வந்தபோதும் கொடுத்தார். உடனே அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். மெழுகு அறைக்காரி ஒருத்திதான் பொரியை வாங்கிக்கொண்டே, "நான் அப்பவே நெனச்சேன். பூஜையன்னிக்கு ஓடவிட்டா அம்மா சும்மா இருப்பாளா?" என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். மெட்டுகுடா சந்தில் இறங்கும்போது அவர், "அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்தியா? நம்ம பொண்ணு வயசு" என்றார்.

"நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?"

"சாமிக்கு வெளிச்சம் காட்டப் போய் ஒரு பொண்ணு பொழப்ப அணைச்சுட்டேனே."

மகள் கதவைத் திறந்தாள். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏமாயிந்தி?" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்செல்லாம் தெலுங்குதான். நான் விஷயத்தைச் சொன்னேன். "யூபிஎஸ்ல ஹாலஜன் பெட்டாரா நான்னா? அரே!" என்று, மெஷினுக்கான பேட்டரியில் அப்பா ஃபோகஸ் லைட்டைச் சொருகினதை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் அந்த வருஷம் வாங்கின திட்டு அது ஒன்றுதான், அதற்கே சுருங்கிப்போனார். அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

நான் விளக்குமுன் உட்கார்ந்தேன். என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. அம்மா கோபித்துக்கொண்டாளா என்று நினைத்துப் பார்த்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் எங்கள் இரண்டு பேர் மேல்தானே கோபம் வரவேண்டும்? அந்தப் பெண் என்ன செய்தாள்? பெற்றவள் அப்படிக் கணக்குத் தப்பிக் கோபிக்கமாட்டாள். இது பேட்டரி தாங்காமல் நின்றது, அவ்வளவுதான். மனசு அந்த இடத்தில் வந்து நின்றதும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

விடிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. அந்தப் பெண்தான்.

"ஆன்ட்டி, ஹேப்பி தசரா. ஒண்ணு கேக்கணும். நீங்க தெனமும் மெழுகையும் மெழுகையும் ஒட்டுறீங்க இல்ல? ஒட்டின எடம் வார்ப்புல தெரியுமா?"

"சரியா ஒட்டினா தெரியாதும்மா."

"டப்பால மீதி இருக்கிற மெழுகு முழுத் தாமரைக்குப் போதாது. மேல்பாதிக்குப் போதும். எந்த உயரத்துல நின்னுச்சோ, அதுக்கு மேல இருக்கிறதை மட்டும் தனியா கட்டறேன். நேத்து நின்ன கீழ்பாதிய நான் எடுத்து வெச்சிருக்கேன். நீங்க ரெண்டையும் ஒட்ட முடியுமா? இதழ் இதழா?"

நாங்கள் ஒட்டுவது உலோகம் உள்ளே ஓட வழிவிடும் தடியான தண்டுகள். சாமானின் ஓரத்தைத் தண்டில் பொருத்துவோம். அங்கே கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பிறகு வெட்டி எறிகிற இடம். இவள் கேட்பது இதழின் நடுவில், காற்று உரசுகிற இடத்தில்.

"செஞ்சு பாக்கலாம்மா. நீ சாரைக் கேட்டியா?"

"நீங்க சரின்னா கேக்கிறேன்."

முதலாளி என்ன சொல்வாரோ என்றுதான் பயம். அவர் ஃபோனில், "இன்னைக்கு விஜயதசமிதானே? எதைத் தொடங்கினாலும் நல்லது. வந்து தொடங்குங்க" என்றாராம். பட்டறைக்கு லீவு. ஆனாலும் அவரே வந்து பூட்டைத் திறந்துவிட்டார். மாலை வாடியிருந்த மெஷினில் அவள் மறுபடி பொத்தானைத் தட்டினாள். விர், விர் என்று ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சிவப்புப் போர்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். "யாராவது வந்து சொருகிட்டா?" என்றார். அன்றைக்கு அங்கே எங்களைத் தவிர ஆளே கிடையாது.

மறுநாள் காலையில் மேல்பாதி தயார். அவள் அதைக் குச்சி நீக்கிச் சுத்தம் செய்து கொண்டுவந்தாள். நான் குளித்து, ஈரத்தலையை முடிந்து, சூட்டுக் கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மெழுகு அறையில் ஃபேனை நிறுத்தச் சொன்னோம். கீழ்பாதியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொருத்துவதற்கென்று அவள் மேல்பாதியில் ஒரு சின்ன முளை வைத்துக் கட்டி, கீழ்பாதிக் குமிழில் அதற்கேற்ற குழி குடைந்திருந்தாள். அதனால் திரும்பிக்கொள்ளாமல் உட்கார்ந்தது. மேல் இதழுக்கும் கீழ் இதழுக்கும் நடுவில் மயிரிழை சந்து.

"ஆன்ட்டி, என் கை நடுங்குது."

"என் கையும்தான். நீ ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"அந்த ஜாவா ஜாவான்னியே, அது என்னன்னு சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் முழுசாகத் தெரியாது போலிருந்தது. இரண்டுபேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கினபோது கை நின்றுவிட்டது. கத்தியைச் சூடு பண்ணி, ஒட்டு மெழுகு ஒரு சொட்டு எடுத்து, முதல் இதழின் சந்தில் விட்டேன். உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறவிட்டு, அடுத்த இதழ். அதன் எதிர்ப்பக்கம் இருப்பது அதற்கடுத்து. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் சூட்டில் சாய்ந்துவிடும். ஒரு இதழில் கொஞ்சம் அதிகமாகச் சூடு காட்டிவிட்டேன், பள்ளம் விழுந்தது. "ஐயோ தாயே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் குனிந்து பார்த்து, "நிரப்பிடலாம் ஆன்ட்டி, பர்வாலேது" என்றாள். மெழுகு நிரப்பி, வழவழப்பாக்கி, துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் வருடினால் அந்த ஒரு இதழில் மட்டும் ஏதோ இருப்பது போல இருந்தது. அதற்குமேல் தொட எங்கள் இரண்டுபேருக்கும் துணிச்சல் இல்லை.

பொரியை வாங்கிக்கொண்டு அன்று பேசினவள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. "இந்தாக்கா, டீ ஆறிடப் போவுது" என்று கிளாஸை வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு எங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஓடு கட்டினார்கள், காயவைத்தார்கள், மறுபடி கட்டினார்கள். நான் தினம் காலையில் அந்த அறையை எட்டிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன். கடைசியில் சூடு காட்டி மெழுகை உருக்கி வடித்தார்கள். நாங்கள் அவ்வளவு பாடுபட்டு ஒட்டினது எல்லாம் கீழே சட்டியில் வெறும் குழம்பாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்குத் துக்கமாக இல்லை. அதன் வேலை அவ்வளவுதான். பாய் அன்றைக்கு உலைக்கு முன்னால் நின்று பிஸ்மில்லா சொல்லி ஊற்றினார். எப்போதும் சொல்கிறவர்தான், அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

வார்ப்பை வெளியே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். பொத்தல் எதுவும் இல்லை என்று வந்தது. ஒரு இதழில் மெல்லிய கோடு ஒன்று மேலே தெரிந்தது. அது எந்த இதழ் என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். பாலிஷ் போட்டதும் போய்விட்டது. முதலாளி அதைத் துணியில் சுற்றித் தன் காரின் முன்ஸீட்டில் வைத்து, தானே ஓட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மகளுக்குத் துணி எடுக்க லீவு கேட்கலாம் என்று ஆஃபீஸ் பக்கம் போனேன். முதலாளி ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். "சரி சார், சரி சார்" என்பது மட்டும் காதில் விழுந்தது. வைத்துவிட்டு வெளியே வந்தார். நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், கால் தானாகப் போனது.

"அம்மா, சக்கரத்தை ஓட்டிப் பாத்துட்டாங்க. தேறிடுச்சு. இன்னும் ரெண்டு வேணுமாம், இதழ் வேற மாதிரி. ஏஜென்டை நாளைக்கு வரச் சொல்லுங்க, விலை பேசணும்."

அவள் எழுந்து நின்றாள். ஃபோனை எடுத்து அவள் அம்மாவை அழைத்தாள். "அம்மா, அமீர்பேட்டைல பணம் கட்டிடாத" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

முதலாளி திரும்பும்போது என்னைப் பார்த்தார். "ரயிலு சேந்துடுச்சும்மா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் அம்மா பட்டறைக்கு வந்தாள். தாம்பாளத்தில் பழம், வெற்றிலைபாக்கு, ஒரு முழம் மல்லி. என்னைவிடச் சின்னவள்தான். மகள் எங்களைக் காட்டி என்ன சொன்னாளோ, மெழுகு அறையில் இருந்த எல்லோருக்கும் குங்குமம் வைத்தாள். பிறகு கண்ணாடி அறைக்குப் போய் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த டப்பா மெழுகு வந்து, உள்ளே புதுத் தாமரை கட்டிக்கொண்டிருந்தது. கதவின் ஓரத்தில், நான் நவமியன்று வைத்த சந்தனத்தின் தடம் இருந்த அதே இடத்தில், ஒரு பொட்டு வைத்தாள்.

"இது எப்ப நிக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"நாளன்னைக்குச் சாயங்காலம் ஆகுங்க."

"ஞாயித்துக்கிழமை லீவாச்சே. அப்ப என் பொண்ணும் வரணுமா?"

"வரணுங்க."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு அந்த ஜாவாவே பரவாயில்ல போலிருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாம்பாளத்தில் மிச்சமிருந்த பழத்தை எடுத்து என் கையில் வைத்து, "பொண்ணு நேரத்துக்குச் சாப்பிடறாளான்னு மட்டும் பாத்துக்குங்க அக்கா" என்றாள்.